மைலேஜ் ராசாங்கம்

“எம் பொண்டாட்டி என்ன கொறைன்னு வீட்டை விட்டுப் போனா, ஆசானே?”

வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை ராசாங்கம். அதன் மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

மாயன் நிமிரவில்லை. ஒரு கார்புரேட்டரைப் பிரித்து அலுமினியத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். அதிலிருந்து பெட்ரோல் இறங்குகிற பொடி ஜெட் ஒன்றை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குறேன்ல?”

“வண்டியை நிறுத்துங்கண்ணே. நிறுத்திட்டுப் பேசுங்க.”

“சத்தமே இல்லையே. ஓடுறதே தெரியாது. அப்படி வச்சிருக்கேன்.”

“நிறுத்துங்க.”

ராசாங்கம் சாவியைத் திருப்பினார்.

குரு, சிஷ்யன் என்றதும் யாரும் தாடியைத் தேட வேண்டாம். இங்கே சிஷ்யருக்குத்தான் தலை வெளுத்திருந்தது. குருவுக்கு மீசை இன்னும் கறுப்பு. ராசாங்கம் லாரியில் கிளீனராக அலைந்து, கல்யாணமும் ஆன பிறகு மெக்கானிக் வேலை கற்க வந்தவர். அதனால் குரு சிஷ்யரை ‘அண்ணே’ என்பார். சிஷ்யர் குருவை ‘ஆசானே’ என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

போடியைத் தாண்டி, மலை ரோடு ஏறத் தொடங்குகிற முந்தலில் மாயனின் ஒர்க்‌ஷாப். மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பழைய வண்டிகள் அங்கே நின்று மூச்சைச் சரிபண்ணிக்கொண்டுதான் ஏறும்.

ராசாங்கத்தின் கடை தேனியில். போர்டில் வேறு என்னவோ பேர் இருக்கிறது. ஊரில் அவருக்குப் பேர் மைலேஜ் ராசாங்கம். எந்த ஓட்டை வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும், சாயங்காலம் அதைப் பாதி பெட்ரோலில் ஓட வைத்துக் கொடுப்பார் என்று பேச்சு. பேச்சில் கொஞ்சம் கூடுதல் இருக்கும். ஆனால் கூட்டம் நெசம்.

“சொல்லுங்கண்ணே,” என்றார் மாயன்.

“ஞாயித்துக்கெழமை காலையில சோத்தை வடிச்சு வச்சா. வெஞ்சனத்தை மூடி வச்சா. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. ஒரு சண்டை இல்ல. ஒரு பேச்சு இல்ல. போடியில அவ அண்ணன் வீட்டுல இருக்கா.”

“போய்ப் பாத்தீங்களா?”

“போனேன். மச்சான் வாசல்லயே நிறுத்திட்டாரு. உள்ளருந்து அவ சத்தம் மட்டும் வந்துச்சு. ‘அவரோட ஆசானைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அவரு முன்னாடி பேசுறேன்’னா. எம் மேல மரியாதை இல்லாட்டியும் உங்க மேல இருக்கு பாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா.”

மாயன் ஜெட்டைத் தட்டில் வைத்தார்.

“இன்னைக்குச் சாயங்காலம் திருப்பூர் பஸ்ஸுக்குக் கெளம்புறாளாம். மக தாமரை அங்கதான் பனியன் கம்பெனியில இருக்கா. அவகிட்டப் போயிட்டான்னா அம்புட்டுத்தான். திரும்ப மாட்டா.”

இதைச் சொல்லிவிட்டு ராசாங்கம் ஹேண்டில்பாரைத் தடவினார்.

“வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு, ஆசானே.”

மாயன் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டார். ராசாங்கம் வண்டியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார்.

“அடிச்சீங்களா?”

“கை ஓங்குனதுகூடக் கெடையாது.”

“குடி?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“வேற?”

“வேற ஒண்ணுமே இல்ல. அதத்தான் கேக்குறேன். எங்க வீடு மாதிரி ஒரு வீடு தேனியிலயே கெடையாது. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த வழிதான்.”

“நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“என்ன ஆசானே. பெட்ரோலைக் கொஞ்சம் கொறைக்கிறது. காது குடுக்கிறது. சத்தம் வரலையா, இன்னும் கொஞ்சம் கொறைக்கிறது.”

மாயன் கையைத் துடைக்கக் கிழிந்த துணி ஒன்றை எடுத்தார். துடைக்கவில்லை. அப்படியே பிடித்திருந்தார்.

ராசாங்கத்துக்கு இப்போது பேச்சில் ஒரு சூடு பிறந்துவிட்டது. சொந்தத் திறமையைச் சொல்லும்போது எவனுக்குத்தான் பிறக்காது.

“மொதல்ல காப்பியில பாலைக் கொறைச்சேன். ஒண்ணும் சொல்லலை. வரக்காப்பி ஆக்குனேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. அவுக அம்மா வீட்டுக்குப் போறதைக் கொறைச்சேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு வருசா வருசம் போவா. கூட்டத்துல நசுங்கணுமான்னு நிறுத்துனேன். சரின்னுட்டா. பூவை நிறுத்துனேன். பக்கத்து வீட்டுல போயி உக்காந்து பேசுறதைக் கொறைச்சேன். எதுக்கும் ஒரு முனகல் வரலையே. கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லுவேன், வண்டியும் வீடும் எனக்கு வெண்ணெயா ஓடுதுன்னு.”

“அம்புட்டையும் மிச்சம் பண்ணி?”

“கஞ்சன்னு நெனைக்காதீங்க. எல்லாம் அவுகளுக்குத்தான். மாடி எடுத்துக் கட்டியிருக்கேன்.”

“மாடியில யாரு இருக்கா?”

“பூட்டிக் கெடக்கு.”

மாயன் இப்போதுதான் கையைத் துடைத்தார்.

“பேச்சு?”

“எந்தப் பேச்சு?”

“நீங்க மதினிகூடப் பேசுறது.”

“நாள் பூரா கடையில கத்திட்டு வீட்டுக்குப் போனா வாய் எங்க வருது. அதுவும் தானாக் கொறைஞ்சுருச்சு. அவளும் கேட்டதில்ல.”

மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கிப் போனது. புழுதி எழும்பி அடங்கியது.

“போவோம்,” என்றார் மாயன். “அதுக்கு முன்னாடி உங்க வண்டியைப் பாத்துருவோம்.”

“வண்டிக்கு என்ன?”

“ரெண்டு பேரு ஏறணும்ல. வரும்போது எப்படி வந்துச்சு?”

“கேக்கணுமா. இன்னைக்கு மாதிரி என்னைக்குமே வந்ததில்ல. தொட்டாப் போகுது. தேனியில எடுத்தது, பறந்துக்கிட்டு வந்துச்சு.”

“பறந்துச்சா?”

“பறந்துச்சு.”

மாயன் எழுந்துவிட்டார். ராசாங்கத்துக்கு அந்த அவசரம் பிடிபடவில்லை. பொண்டாட்டி போனதைச் சொன்னபோது எழுந்திரிக்காத மனுஷன், வண்டி நன்றாக ஓடுகிறது என்றதும் எழுந்திரிக்கிறாரே என்று மனசுக்குள் ஒரு சின்னக் கோபம்.

“பிளக்கைக் கழட்டுங்கண்ணே.”

“எதுக்கு? சத்தத்தைத்தான் கேட்டீங்கல்ல.”

“கேட்டேன். கழட்டுங்க.”

ராசாங்கம் பிளக் ஸ்பேனரை எடுத்து வந்தார். அது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கல்யாணத்துக்கு அடுத்த வருசம் வாங்கியது. அதில்தான் கற்றார், அதில்தான் தன் வித்தையை எல்லாம் காட்டினார். கழற்றிய பிளக்கைப் பார்க்காமலேயே நீட்டினார்.

மாயன் வாங்கவில்லை. “நீங்களே பாருங்க.”

பார்த்தார்.

சரியாக எரிகிற பிளக் செங்கல் நிறத்தில் இருக்கும். பெட்ரோல் அதிகம் குடித்தால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். இது வெள்ளை. அடுப்புச் சாம்பல் வெள்ளை. அதன் மேல் பொடிப்பொடியாக மினுங்கிக்கொண்டு சில புள்ளிகள்.

“இது என்ன?” என்றார் மாயன்.

ராசாங்கத்துக்குத் தெரியும். தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். பிஸ்டன் உருகத் தொடங்கி, அதன் துணுக்கு தெறித்து ஒட்டியிருக்கிறது.

“கடைசியா எப்ப கழட்டிப் பாத்தீங்க?”

“தொந்தரவு குடுத்தாத்தானே கழட்டணும். இதுதான் குடுக்கவே இல்லையே.”

மாயன் குனிந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அடிக்கிண்ணத்தைத் திறந்து, மெயின் ஜெட்டை எடுத்து, முன்பு செய்தது போலவே வெயிலுக்கு நேரே பிடித்தார். ஊசிமுனைத் துளை. அதில் வெளிச்சம் முழுசாக வரவில்லை. ஒரு குண்டூசியால் குத்தி எடுத்தார். செம்புக் கம்பியில் ஓர் இழை, மயிரைவிட மெல்லிசாக, வெளியே வந்தது.

ராசாங்கம் லேசாகச் சிரித்தார். அகப்பட்டுக்கொண்ட சிரிப்புத்தான், ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

“அது என் சரக்கு. கரண்ட் வயர்ல உருவுன இழை. துளையைச் சுருக்கி விட்டுரும். தேனியில எவனுக்கும் இது தெரியாது.”

“இந்த வண்டிக்குப் பெட்ரோல்லதானே ஆயிலும் கலந்து போகுது?”

“ஆமா.”

“ஒண்ணைக் கொறைச்சா இன்னொண்ணும் கொறையுமே.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“சத்தம் வரலையே, ஆசானே.”

“வராதுண்ணே,” என்றார் மாயன். “பட்டினி போட்ட எஞ்சின் நல்லாத்தான் ஓடும். சாகப்போற அன்னைக்கு ரொம்ப நல்லா ஓடும்.”

ராசாங்கம் பிளக்கையும் பார்த்தார், மாயனின் விரலில் ஒட்டியிருந்த இழையையும் பார்த்தார். முகம் மாறியது. மாயன் காத்திருந்தார்.

“நல்லவேளை,” என்றார் ராசாங்கம். “மலையில ஏத்தியிருந்தேன்னா ஜாம் ஆயி, பின்சக்கரம் பூட்டி, பள்ளத்துல கெடந்திருப்பேன்.”

மாயன் இன்னும் காத்திருந்தார்.

“சீக்கிரம் மாட்டுவோம் ஆசானே. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான். மாயன் இழையைத் துணியில் துடைத்துப் போட்டார். ஜெட்டை ஊதினார். எல்லாவற்றையும் மாட்டினார். புது பிளக் ஒன்று போட்டார். வண்டியை உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரை ராசாங்கத்தின் கையில் கொடுத்தார்.

“ஏர் ஸ்குரூவை நீங்களே வைங்க.”

ராசாங்கம் உட்கார்ந்து மெதுவாகத் திருப்பினார். ஸ்குரூ வெளியே வர வர, காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சத்தம் மெலிசாகி ஏறியது. எங்கே நன்றாக இருக்கிறது என்று அவர் காதுக்குத் தெரியும். அங்கே நிறுத்தினார்.

“நிறுத்தாதீங்க. இன்னும்.”

“நின்னுரும்.”

“தடுமாறட்டும்.”

இன்னும் திருப்பினார். எஞ்சின் தடுமாறியது. விட்டு விட்டு இழுத்தது. ராசாங்கத்துக்கு அந்தச் சத்தம் பல்லில் மண் கடித்த மாதிரி இருந்தது.

“இப்பத் திரும்பி வாங்க.”

“எவ்வளவு?”

“தடுமாற்றம் போனதும் நிக்காதீங்க. இன்னும் இங்கிட்டு வாங்க.”

வந்தார். சத்தம் தடித்தது. சைலன்சரில் லேசாகப் புகை வந்தது.

“கெட்டுப்போச்சே. கொரகொரங்குது.”

“அதோட சத்தமே அதுதான். நீங்கதான் கேட்டதில்ல.”

“இதை அன்னைக்கே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?”

“தடுமாற வச்சுக் காட்டணும்னு இருந்தேன். அதுக்குள்ள கடை போடப் போறேன்னு வந்து நின்னீங்க.”

அது உண்மைதான். குறைக்கக் கற்ற மாதமே ஒரு வாத்தியார் வண்டிக்கு மைலேஜ் ஏறி, அவர் பத்துப் பேரிடம் சொல்லி, ராசாங்கத்துக்குப் பேர் கிளம்பிவிட்டது. பேர் கிளம்பின பிறகு எவன் உட்கார்ந்து மிச்சத்தைக் கற்பான்.

கிளம்பினார்கள். ராசாங்கம் ஓட்ட, மாயன் பின்னால் உட்கார்ந்தார். வண்டி இப்போது பறக்கவில்லை. போடி நெருங்கும்போது ராசாங்கம் திடீரென்று ஓரமாக நிறுத்தினார்.

“புரிஞ்சுருச்சு, ஆசானே.”

“என்ன?”

“வண்டியை வச்சு எனக்குச் சொல்லிட்டீங்க. கொறைச்சுக்கிட்டே போயிட்டேன். இனிமே கூட்டணும்.”

“நான் வண்டியைத்தான் சொன்னேன்.”

“இல்ல, எனக்குப் புரிஞ்சுருச்சு.”

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதில் பொய் இல்லை. கடைத்தெருவில் நிறுத்தி மல்லிகைப் பூ வாங்கினார், மூன்று முழம் கேட்டு நான்காக்கினார். அல்வா வாங்கினார். பால் பாக்கெட்கூட ஒன்று வாங்கினார். மாயன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி வைரமணியின் அண்ணன் ஒச்சப்பன் வாசலில் இருந்தார். இந்த முறை வழி விட்டார்.

“உள்ள வாங்க மாப்ள. ஆசான், நீங்களும் உக்காருங்க.”

கூடத்துச் சுவரோரம் ஒரு பை கட்டித் தயாராக நின்றது. ராசாங்கம் அந்தப் பையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

வைரமணி ரெண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை மாயனுக்குக் கொடுத்தாள். ஒன்றை ராசாங்கத்துக்குக் கொடுத்தாள். ரெண்டையும் ஒரே மாதிரிதான் கொடுத்தாள். முந்தானையைச் சரிசெய்யக் கையை உயர்த்தியபோது வளையல் முழங்கை வரை வழுக்கிப் போனது. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று ராசாங்கத்துக்குத் திக்கென்றது. தினம் சோறு போட்ட கைதானே இது.

“பூ வாங்கியாந்தேன்,” என்றார்.

“அங்க வைங்க.”

“வச்சுக்க.”

“வச்சுப் பழக்கம் விட்டுப்போச்சு.”

ராசாங்கம் மளமளவென்று சொன்னார். நாளையிலிருந்து பால் முழுசாக. பூ தினமும். திருவிழாவுக்குத் தானே கூட்டிப் போவதாக. மாடியைத் திறந்துவிட்டு, தாமரையையும் வரச் சொல்லி, எல்லாரும் மேலே காற்றோட்டமாக இருக்கலாம் என்று. அவள் கடைசிவரை கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்கு நம்பிக்கையாக இருந்தது.

“நான் வரலைங்க,” என்றாள்.

“வைரமணி.”

“வரலை.”

ஒச்சப்பன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

“வரலைன்னு சொல்றதுக்கா ஆசானைக் கூட்டிட்டு வரச் சொன்ன?”

“அதுக்கு ஆள் எதுக்கு. வாசல்லயே சொல்லியிருப்பேன். இவரைப் பாக்கணும்னு இருந்துச்சு.”

மாயன் பக்கம் திரும்பினாள். அவரைவிட அவள் ரெண்டு மூன்று வயசு மூத்தவளாகத்தான் இருப்பாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க மதினி.”

“ஒவ்வொண்ணாக் கொறைக்கும்போதும் இவரு ஒண்ணு சொல்லுவாரு. பாலை நிறுத்துனப்பவும் சொன்னாரு. எங்க அம்மா வீட்டுக்கு எதுக்கு மாசா மாசம்னு கேட்டப்பவும் சொன்னாரு. ‘எங்க ஆசான் சொல்லிக் குடுத்த வழி’ம்பாரு. சாமி பேரைச் சொல்ற மாதிரி சொல்லுவாரு. நெசமாவே நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

மாயன் செம்பைக் கீழே வைத்தார்.

“பாதி, மதினி.”

“மீதி?”

“தடுமாறுச்சுன்னா திரும்பி வரணும். அதைக் கத்துக்கிறதுக்குள்ள அண்ணன் கடை போட்டுட்டாரு.”

“கடை தெறப்புக்கு நீங்க வந்தீங்கல்ல?”

“வந்தேன்.”

“மாலை போட்டீங்க. உங்க கையால ஸ்பேனர் செட் எடுத்துக் குடுத்தீங்க. எல்லார் முன்னாடியும், என்கிட்ட இருந்ததை எல்லாம் கத்துக்கிட்டாருன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

வைரமணி அவர் முகத்தையே பார்த்தாள்.

“பாதிதான் கத்துக்கிட்டிருக்காருன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை என் காதுல போட்டிருக்கலாம்ல, தம்பி?”

மாயன் ஜெட்டைப் பார்ப்பார், பிளக்கைப் பார்ப்பார், எதையாவது எடுத்துக் கையில் வைப்பார். அதுதான் அவர் பதில் சொல்கிற விதம். இப்போது கையில் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஆசானுக்குப் பதில் வராததை ராசாங்கம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அவரை ஏன் கேக்குற? கேக்குறதை என்னயக் கேளு. இத்தனை வருசம் வாயைத் தெறந்தியா நீ? வேணாம்னு சொன்னியா? அழுது சண்டை போட்டியா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சத்தம் குடுத்திருந்தீன்னா அந்த எடத்துலயே நிறுத்தியிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?”

“சத்தம் குடுத்தேன்,” என்றாள் வைரமணி.

“எப்ப?”

“எங்க அம்மா செத்தப்ப.”

ராசாங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எடுத்த அன்னைக்கே என்னயக் கூட்டிட்டு வந்துட்டீங்க. காரியம் முடியுற வரைக்கும் அண்ணன்கூட இருந்துட்டு வர்றேன்னேன். வீட்டுல யாரு ஆக்குறதுன்னீங்க. சரின்னு வண்டியில ஏறுனேன். மறுநாள் மத்தியானம் பொறவாசல் குளியல் ரூமுக்குள்ள போயி, தகரக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வாயைப் பொத்தலை. தெருவுக்கே கேக்கட்டும்னுதான் அழுதேன். நீங்க வந்து கதவுக்கு முன்னாடி நின்னீங்க.”

ராசாங்கத்துக்கு ஞாபகம் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அடுப்படியில் ஆள் இல்லை. புறவாசலில் சத்தம் கேட்டுப் போனார். தகரக் கதவுக்கு முன்னால் நின்றார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாரா என்பது சரியாக ஞாபகம் இல்லை. காது கொடுத்து நின்றது ஞாபகம் இருக்கிறது. முதலில் அடிவயிற்றிலிருந்து பெரிய சத்தமாக வந்தது. நெஞ்சு பதறியது. உள்ளே போகலாமா, என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை இறங்கியது. விட்டு விட்டு வந்தது. அப்புறம் நின்றது. இன்னும் கொஞ்சம் நின்று கேட்டார். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அடுத்த மாதம் பூவை நிறுத்தினார்.

“நான் நின்னது ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார். “நீ உள்ள இருந்தியே.”

“அந்தக் கதவு தரையைத் தொடாது. கீழே ஒரு சாண் சந்து இருக்கும். உங்க செருப்பு தெரிஞ்சுது.”

வைரமணி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இந்தா தட்டப்போறாரு, இந்தா தட்டப்போறாருன்னு அழுதுக்கிட்டே இருந்தேன். தட்டலை. சரி, நிறுத்திப் பாப்போம், என்னமோ ஏதோன்னு பதறியாவது தட்டுவாருன்னு நிறுத்துனேன்.”

அவள் மாயனைப் பார்க்கவில்லை. ராசாங்கத்தைத்தான் பார்த்தாள்.

“செருப்பு போயிருச்சு.”